பதினாறு தாளில் நடந்த மாடு

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். சென்னையில் கார்ட்டூன் செய்கிற இடத்தில் வேலை. பழைய ஸ்டுடியோக்களைப் பற்றி மலர் போடுகிறார்களாம், உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றாள். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன் என்றேன். பரவாயில்லை என்றாள். கூடவே போனில் ஒரு மாடு அனுப்பினாள். இப்போது நாலு கால் பிராணி எதுவானாலும் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் தானாக நடக்குமாம். சரியாக நடக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். பார்த்தேன். பதில் போடவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

என் பேர் அஞ்சலை. ஊர் நைனார்பாளையம். கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி மில்லில் நெல் காயவைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். இரண்டு வரிசை நின்றது. ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். நான் நிழலில் நின்றேன். அது படத்துக்கு வண்ணம் போட ஆள் எடுக்கிற வரிசை. என் முறை வந்ததும் ஒரு வட்டத்தைக் கொடுத்து, கோட்டைத் தாண்டாமல் நிரப்பு என்றார்கள். தாண்டவில்லை. எடுத்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷம் இருந்தேன்.

முதலாளி பாண்டுரங்கன் சார். பம்பாயில் விளம்பரப் படங்களுக்கு வரைந்தவர். டூத்பேஸ்ட் டியூப் ஆடும், சோப்பு சிரிக்கும். அது அவர் வேலை. அது சலித்துப்போய், பிள்ளைகள் பார்க்கிற மாதிரி சொந்தமாகத் தொடர் செய்ய வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டார். அவர் மாமனாரின் மில்லில் ஒரு கிடங்கு சும்மா கிடந்தது. அதனால்தான் கள்ளக்குறிச்சி. வேறு காரணம் கிடையாது.

மில் ஓடினால் தரை அதிரும். கேமரா ஆடும். ஆகவே மில் நின்றால்தான் படம் பிடிக்கலாம். மில் நிற்பது கரண்ட் போனால். கரண்ட் போனால் விளக்கு எரியாது, படம் பிடிக்க முடியாது. மில் நின்றிருந்து கரண்டும் இருக்கிற நேரம் வாரத்தில் கொஞ்சம்தான் வரும். அதற்காக ஸ்டுடியோவில் இருந்த பதினோரு பேரும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வேலை இப்படி. சார் தாளில் பென்சிலால் வரைவார். தாளின் கீழே மூன்று துளை. மேசையில் மூன்று ஆணி. துளையை ஆணியில் மாட்டினால் ஒரு தாள் மேல் ஒரு தாள் பிசகாமல் உட்காரும். அதன் மேல் கண்ணாடித் தாளை வைத்து மையால் கோடு இழுப்பார்கள். அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் நாங்கள் வண்ணம் நிரப்புவோம். ஆளுக்கு ஒரு நிறம். ஒருத்திக்கு மாட்டின் உடம்பு. ஒருத்திக்குக் கொம்பு. எனக்குக் குளம்பு. நாலு மாதம் நான் குளம்பு மட்டும் போட்டேன். அந்த மாட்டின் முகம் எப்படி இருந்தது என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கை அழுக்கு படக்கூடாது என்று எல்லாரும் வெள்ளைத் துணி உறை போட்டிருப்போம். சனிக்கிழமை துவைத்து வெளியே கொடியில் காயப்போடுவோம். அதைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று நினைத்து ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் உண்டு. ஒருவர் போட்டுக்கொள்ளாமல் போக மாட்டேன் என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

சார் திட்ட மாட்டார். குரலே உயராது. நாம் முடித்த தாளை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். நன்றாக இருந்தால் அடுக்கில் வைத்துவிட்டுப் போவார். தப்பு இருந்தால் நம் மேசையிலேயே திரும்ப வைத்து, அதன் மேல் ஓர் ஈரத் துணியை வைப்பார். அவ்வளவுதான். துடைத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். ஈரத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு சார் எழுந்தால் கிடங்கில் மூச்சுச் சத்தம் கேட்காது.

தொடர் ஒரு காளையைப் பற்றி. கரும்பு வண்டி இழுக்கிற செவலைக் காளை நுகத்தடியைக் கழற்றிவிட்டுக் கல்வராயன் மலைக்கு நடந்துபோய்விடுகிறது. வாரம் ஒரு பிராணியைச் சந்திக்கிறது. பதிமூன்று கதை. எல்லாக் கதையிலும் காளை நடக்கும். நடை ஒன்றுதான். பதினாறு தாள். அதையே திரும்பத் திரும்ப எடுத்தால் காளை எத்தனை தூரம் வேண்டுமானாலும் போகும். பின்னால் மலைப் படத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பதினாறு தாளுக்குச் சார் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி, நெல் காயவைக்கிற களத்தில் கையையும் முட்டியையும் ஊன்றி நாலு காலில் போவார். கேமராக்காரர் துரைக்கண்ணு அண்ணன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போவார். எந்தக் கை எப்போது, எந்த முட்டி எப்போது என்று குறித்துக்கொள்வார்கள். நெல் அள்ளுகிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சாரின் மாமனார் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, பம்பாயில் மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆனதா என்று கேட்டாராம்.

களத்துக்கு வெளியே ரோட்டில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். வண்டிக்கு இரண்டு மாடு. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். குளம்பு போடுகிறவளுக்கு எந்தக் கால் எங்கே வருகிறது என்று கைக்குத் தெரியும். ஏதோ இடித்தது. நான் நடவு நட்டவள், மாட்டின் பின்னால் நடந்தே வளர்ந்தவள். ஆனாலும் டிவியில் மாடு இப்படித்தான் நடக்கும் போல என்று இருந்துவிட்டேன். பிறகு மற்றவர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் இடித்திருக்கிறது. அவர்களும் அப்படியே இருந்துவிட்டார்கள்.

எடுத்த பிலிமை நாங்கள் பார்த்ததில்லை. கழுவ வேண்டுமானால் சென்னை லேபுக்குத்தான் போக வேண்டும். முதல் கதை முழுவதும் எடுத்து டப்பாவில் போட்டு, சுற்றிலும் கறுப்புப் பட்டை ஒட்டினோம். திங்கட்கிழமைக்குள் லேபில் கொடுக்க வேண்டும். தவறினால் தொலைக்காட்சியில் எங்கள் நேரம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். சார் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். திங்கட்கிழமை இந்த டப்பா போகவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை நீங்கள் நெல் காயவைப்பீர்கள், நான் டூத்பேஸ்டை ஆடவிடுவேன்.

டப்பா தயாரானது வியாழக்கிழமை. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வார சாலை மறியல் தொடங்கியதும் அதே வியாழக்கிழமை.

அந்த வாரத்தில் எங்கள் பக்கம் சாவும் விழுந்தது. அது வேறு பேச்சு. அதைச் சிரிப்போடு சேர்த்துப் பேசக்கூடாது. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பஸ் கிடையாது. துரைக்கண்ணு அண்ணனிடம் பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. மரம் வெட்டிப் போட்டிருந்தாலும் தூக்கித் தாண்டலாம் என்றார். டப்பாவைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆடாமல் உட்காருகிறவள் என்று என்னைச் சொன்னார்கள். லேபில் காட்டுவதற்காக நடையின் பென்சில் தாள் பதினாறையும் ஒரு பையில் போட்டுச் சார் கொடுத்தார்.

உளுந்தூர்பேட்டை தாண்டி, திருநாவலூர் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். ஓர் ஓரத்தில் அடுப்பு மூட்டியிருந்தது. அண்டா ஏற்றி வந்த மாட்டு வண்டி நுகம் கழற்றி நின்றது. தோளில் துண்டு போட்ட ஒருவர் முன்னால் வந்தார். கரும்பு விவசாயி, பேர் வேலு என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா அது மடியில?"

"பிலிமுங்க."

"தொறந்து காட்டு."

"தொறந்தா பூடும்ங்க."

"இன்னா பூடும்?"

"வெளிச்சம் பட்டா கறுத்துப் பூடும்."

"வெளிச்சம் பட்டா கறுத்துப் பூடுமா? அப்ப நம்ம ஜாதிதான்டா அது" என்றார் பின்னால் ஒருவர். சிரித்தார்கள். ஆனால் டப்பாவை விடவில்லை. பட்டை ஒட்டின டப்பாவில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், திறக்காமல் ஒரு சாமானும் தாண்டாது என்றார் வேலு. துரைக்கண்ணு அண்ணன் லென்சு, ரசாயனம் என்று விளக்கத் தொடங்கினார். ரசாயனம் என்றதும் இரண்டு பேர் பின்னால் போனார்கள். ஒருவர் கத்தியோடு முன்னால் வந்தார்.

ஆறு மாத வேலை என் மடியில் இருந்தது. எனக்குப் பேச வராது. பையிலிருந்து பதினாறு தாளை எடுத்தேன். ஓரத்தைப் பெருவிரலில் பிடித்து, சார் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாக விழவிட்டேன். காளை நடந்தது.

கத்தி நின்றது.

"மறுபடி" என்றார் வேலு.

மறுபடி விட்டேன். பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். அடுப்புக்காரர் கரண்டியோடு வந்தார். பத்துத் தடவை விட்டிருப்பேன். டப்பாவை எல்லாரும் மறந்துவிட்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது வண்டிக்காரர் கோவிந்தன், வயசானவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"எம்மா, இந்த மாட்ட எந்தச் சந்தையில புடிச்சீங்க?"

"வரைஞ்சதுங்க."

"வரைஞ்சாலும் மாடு மாடுதானே. இது நாய் ஓடிக்கினு கீது. முன்னங்கால் வெச்ச தடத்துல பின்னங்கால் வந்து வுழணும். இது குறுக்குல போவுது பாரு."

"கார்ட்டூன் மாடு அப்டித்தான் போவும், தாத்தா" என்றார் ஒருவர்.

"கார்ட்டூன் மாடுன்னா வைக்கோல் துன்னாதா?"

அதற்கப்புறம் நாற்பது பேரும் பேசினார்கள். ஒருவர் இது சுளுக்கு என்றார். ஒருவர் லாடம் சரியில்லை என்றார். இந்த மாட்டை வண்டியில் பூட்டினால் ஆலைக்குப் போகாது, சாய்ந்து மலைக்குத்தான் போகும் என்றார் ஒருவர். கதையே அதுதான் என்று நான் சொல்லவில்லை.

கோவிந்தன் தாத்தா வண்டி மாட்டில் ஒன்றை அவிழ்த்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய ரோடு. ஒரு லாரி இல்லை, ஒரு பஸ் இல்லை. ஒரு குடம் தண்ணீரைத் தார் ரோட்டில் ஊற்றி, மாட்டை அதில் மிதிக்கவிட்டு நடத்தினார். ஈரத் தடம் விழுந்தது. முன்னங்கால் தடம். அதன் மேலேயே வந்து பின்னங்கால். இடது பின், இடது முன், வலது பின், வலது முன். நான் நாலு மாதம் போட்ட குளம்பு ஒன்றுகூட அந்த இடத்தில் இல்லை.

சார் மாடு நடப்பதைப் பார்க்கவில்லை. சார் தவழ்ந்ததைச் சார் பார்த்திருக்கிறார். மனுஷன் தவழ்ந்தால் இடது கையும் வலது முட்டியும் சேர்ந்து போகும். எங்கள் காளை நாலு மாதமாகத் தவழ்ந்துகொண்டிருந்தது.

புளியமரத்தின் மேல் உட்கார்ந்து தாள்களைத் திருப்பினேன். பின்பக்கம் வரையத் தொடங்கினேன். அதுவரை நான் மாடு வரைந்ததில்லை. வெயிலில் தடம் சீக்கிரம் காய்ந்தது. மறுபடி தண்ணீர், மறுபடி நடை. கொஞ்சம் நிறுத்துங்கள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். பாதி நடையில் மாடு நிற்காது. நிற்கவைக்க நாலு பேர் போய் ஒரு காலைத் தூக்கிப் பிடித்தார்கள். வேலு தொடையில் உதை வாங்கினார். அதற்கப்புறம் என்னிடம் மரியாதையாகப் பேசினார்.

மரத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் ஜீப் வந்து நின்றது. நாற்பது பேர் கோஷம் போடாமல் ஒரு மாட்டின் காலையே பார்த்துக்கொண்டு நின்றதில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று கேட்டார். "மாடு நடக்குதுங்க" என்றார் கோவிந்தன் தாத்தா. அதிகாரி கொஞ்ச நேரம் தானும் பார்த்துவிட்டுப் போனார்.

முடித்ததும் வேலு ஒரு நோட்டீசின் பின்பக்கம் சீட்டு எழுதிக் கொடுத்தார். 'டிவி மாட்டுக்காரங்க. டப்பாவைத் தொறக்க வேணாம். வுடவும்.' மெட்ராஸ் வரை எந்த மரத்தில் காட்டினாலும் விடுவார்கள் என்றார். நாலு பேர் மோட்டார் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.

துரைக்கண்ணு அண்ணன் வண்டியைக் கிளப்பினார். நான் ஏறவில்லை.

"திருப்புங்க" என்றேன்.

"இன்னாது?"

"கள்ளக்குறிச்சிக்குத் திருப்புங்க."

"சீட்டு கைல கீது. திங்கக்கெழம போவலன்னா கம்பெனியே இல்ல. மெட்ராஸ்ல கீறவனுக்கு மாட்டுக் காலு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

"இவங்களுக்குத் தெரியும்."

அவர் வண்டியை அணைத்தார். தூக்கி வைத்த நாலு பேரைத் திரும்பக் கூப்பிட்டு, இந்தப் பக்கமே வைக்கச் சொன்னார். ஒருவர், எங்களுக்கும் வேலைவெட்டி இருக்கிறது என்றார். இந்த ஒரு வாரம் இல்லையே என்றார் இன்னொருவர்.

நாங்கள் கிடங்குக்குள் நுழைந்தபோது சார் முதலில் என் கையைத்தான் பார்த்தார். டப்பா பட்டை பிரியாமல் இருந்தது. மூச்சு விட்டார். பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். தாள்களை அவர் மேசையில் பின்பக்கமாக வைத்தேன்.

சார் விட்டுப் பார்த்தார். திருப்பித் தன்னுடையதை விட்டார். மறுபடி என்னுடையது. எழுந்து களத்துக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் நின்று, இடது முட்டி, இடது கை, வலது முட்டி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஊன்றினார். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து தவிட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"போறதுக்குச் சீட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"போயிருக்கலாமே."

"கால் தப்பு சார்."

அவர் உள்ளே போனார். தன்னுடைய தாள் பதினாறையும் ஒரே அடுக்காகத் தன் மேசையில் வைத்தார். ஈரத் துணியை எடுத்து அதன் மேல் வைத்தார்.

பிறகு நடந்ததில் மறியலுக்கு எங்கள் ஸ்டுடியோ கடன்பட்டிருக்கிறது. ரோடு அடைத்திருந்ததால் நெல் வண்டி வரவில்லை. நெல் இல்லாததால் மில் ஓடவில்லை. கரண்ட் மட்டும் இருந்தது. இரண்டு நாள் முழுக்கத் தரை ஆடவில்லை. அப்படி இரண்டு நாள் அதற்கு முன்னாலும் கிடைத்ததில்லை, பின்னாலும் கிடைத்ததில்லை. என் கோடுகளைச் சார் திருத்தி வரைந்தார். வெள்ளிக்கிழமை வண்ணம் போட்டோம். குளம்பு நான்தான் போட்டேன். இரண்டாவது கதைக்கென்று வைத்திருந்த பிலிமில் சனிக்கிழமை நடை எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு டப்பாவோடு நானும் அண்ணனும் கிளம்பினோம்.

புளியமரம் அங்கேயே கிடந்தது. கோவிந்தன் தாத்தா முதலில் தாளைக் கேட்டார். காய்ப்பேறின பெருவிரல், தாள் வழுக்கிக்கொண்டே இருந்தது. நாலாவது தடவைதான் ஒழுங்காக விழுந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். சார் சன்னலில் தாளைப் பிடிக்கும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

"போ" என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் லேபில் கொடுத்தோம். வழியில் எத்தனை மரத்தில் அந்த மாட்டை நடக்கவிட்டேன் என்று எண்ணவில்லை. லேப்காரர் நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னோம். நம்பவில்லை. அந்த நேரத்துக்குப் போட்டியாக இருந்த கம்பெனியின் டப்பா விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டிருந்ததாம்.

பதிமூன்று கதையும் போனது. இரண்டாவது கதையிலிருந்து சார் எனக்குப் பென்சில் கொடுத்துவிட்டார். நாலு கால் எல்லாம் என்னிடம் வந்தது. ஆடு, யானை, நரி.

ஆறாவது வாரம் ஸ்டுடியோவுக்கு ஒரு கார்டு வந்தது. திருநாவலூர் முத்திரை. எழுதியது வேலு, சொன்னது கோவிந்தன் என்று கீழே இருந்தது. எல்லாரையும் நிற்கவைத்துச் சார் படித்தார்.

'நடை நல்லாக் கீது. போன வாரம் மாடு படுத்தப்ப பின்னங்கால மொதல்ல மடக்குது. மாடு முன்னங்காலத்தான் மொதல்ல மடக்கும். எழுந்திருக்கறப்ப பின்னங்கால் மொதல்ல. பாத்து செய்யவும்.'

படுக்கிற மாதிரி இன்னும் மூன்று கதை எடுத்து முடித்திருந்தோம். வரைந்தது நான். சார் கார்டை என் மேசையில் வைத்தார். அவர் கை தானாக ஈரத் துணியைத் தேடியது. துணி என் பக்கம் இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெண் அனுப்பிய மாட்டை இன்று காலை இன்னொரு தடவை பார்த்தேன். இடது பின், இடது முன், வலது பின், வலது முன். தடத்தில் தடம் விழுகிறது. பொத்தானில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பதில் போட்டுவிட்டேன்.

நடை சரி. படுக்க வைத்துக் காட்டு.